குளிர்மழையும் மேற்சட்டையும்: மலைவழிச் சைக்கிளோட்ட வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1910ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 3ஆந் திகதி, வட இத்தாலியின் மிலான் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரத்துச் சான் றேமோ நகரை நோக்கி, ஏறக்குறைய 290 கிலோமீற்றர் தூரச் சைக்கிளோட்டப் போட்டியொன்று தொடங்கிற்று. இரு நகரங்களுக்கும் இடையே தூர்க்கீனோ என்னும் கணவாய் உண்டு. அல்ப்ஸ் மலைக் கணவாய்களோடு ஒப்பிடுகையில் அது மிகச் சிறியது. ஆயினும் அன்று பனி வீழ்ந்து பாதையை மூடியிருந்தது. பிரான்சு நாட்டவரான இயூஜீன் கிறிஸ்தோப் என்னும் வீரர் கைவிரல்கள் விறைத்து, வயிற்றுவலியால் வருந்தி, வழியோரத்தில் நிற்க, ஒருவர் அவரைத் தமது விடுதிக்கு அழைத்துச் சென்றார். ஈர உடைகளைக் களைந்து கம்பளியாற் போர்த்தினார். சிறிது நேரம் கழிந்தபின் ஒரு நீண்ட காற்சட்டையை அணிந்துகொண்டு கிறிஸ்தோப் மீண்டும் வீதிக்கு இறங்கினார். பன்னிரண்டு மணித்தியாலத்திற்கு மேல் ஓட்டி வெற்றியும் பெற்றார். போட்டியை முறைப்படி முடித்தவர்கள் நால்வரே. வெற்றிபெற்றவரோ ஏறக்குறைய ஒரு மாதம் வைத்தியசாலையிற் படுத்திருந்தார். பழைய உடல்நிலையை அடைய அவருக்கு ஈராண்டுகள் வரை சென்றன.

இந்நிகழ்ச்சியிற் கவனிக்கத்தக்கவை இரண்டு. ஒன்று கிறிஸ்தோப்பின் மனவுறுதி. மற்றையது அவருக்கு ஒரு காற்சட்டை கிடைத்தமை. முன்னையதைப் பற்றி எழுதியோர் பலர். பின்னையதைப் பற்றிச் சிந்தித்தோர் சிலரே. குளிர் இயற்கையின் செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால், அக்குளிரில் ஒரு மனிதன் எத்தகைய உடையுடன், எத்தனை மணித்தியாலம், நிறுத்தும் உரிமை உண்டோ இல்லையோ என்ற நிலையில் உழைக்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இயற்கையன்று. மனிதர் வகுத்த விதிகளேயாம். ஐரோப்பாவின் மலைவழிச் சைக்கிளோட்ட வரலாற்றை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏற்றமும் இறக்கமும்

முதலில், குளிரும் மழையும் மலையும் ஒருங்கு சேரும்போது உடலுக்கு நேர்வது யாதென அறிதல் வேண்டும். மலையேறும் வீரனுக்குக் குளிர் பெரும் பகையன்று. அவனது உடல் செலவிடும் சக்தியிற் காற்பங்களவே சைக்கிளை முன்செலுத்துகின்றது. எஞ்சிய முக்காற்பங்கும் வெப்பமாகின்றது. எனவே பனியிடையேயும் அவனுக்கு வியர்க்கும். துன்பம் தொடங்குவது உச்சியிலேயாம். ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு ஆறு அல்லது ஏழு பாகை செல்சியஸ் வீதம் வெப்பநிலை குறைவதால், அடிவாரத்தில் மழையாக இருப்பது உச்சியிற் பனியாகிவிடும். வியர்வையாலும் மழையாலும் நனைந்த உடையோடு அவன் இறங்கத் தொடங்குகிறான். இறக்கத்திற் கால்களுக்கு வேலையில்லை. ஆதலால் உடலில் வெப்பம் பிறப்பதில்லை. மணிக்கு 60, 70 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்க்காற்று மோதுகின்றது. விரல்கள் மரத்து, பிறேக்கைப் பற்றும் வலுவை இழக்கின்றன. உடல் நடுங்குவதாற் சைக்கிளும் நடுங்குகின்றது. உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்குமாயின் சிந்தனையும் தளர்கின்றது. தளர்ந்த சிந்தனையோடு, ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமான வளைவுகளை அவன் கடக்கவேண்டும். ஆகவே, உச்சியில் ஓர் உலர்ந்த மேற்சட்டை கிடைப்பதும் கிடையாமற் போவதும் அற்ப விடயமன்று. வெற்றி தோல்வி மட்டுமன்றி, சிலவேளை உயிரும் அதனைப் பொறுத்திருந்தது.

பத்திரிகை படைத்த போட்டி

இத்தகைய போட்டிகளைத் தோற்றுவித்தவை பத்திரிகைகளே. ‘லோத்தோ’ என்னும் பாரிஸ் விளையாட்டுப் பத்திரிகை, தன் போட்டிப் பத்திரிகையை வெல்லும் பொருட்டு 1903இல் ‘ரூர் டி பிரான்ஸ்’ என்னும் நாடுசுற்றும் ஓட்டத்தை ஆரம்பித்தது. அதன் ஆசிரியர் ஹென்றி டெகிரான்ஜ். அவ்வாண்டு அறுபது பேர் தொடங்கினர், இருபத்தொருவர் முடித்தனர். முதற் பரிசைப் பெற்ற மோரிஸ் காரன் ஒருகாலத்திற் புகைபோக்கி துப்புரவு செய்து பிழைத்தவர். பத்திரிகையின் விற்பனையோ ஏறக்குறைய 25,000 பிரதிகளிலிருந்து 65,000 வரை உயர்ந்தது. இத்தாலியிலும் ‘லா கசெற்றா டெல்லோ ஸ்போர்ட்’ என்ற பத்திரிகை 1907இல் மிலான் – சான் றேமோ ஓட்டத்தையும், 1909இல் ‘ஜீரோ’ எனப்படும் இத்தாலி சுற்றும் ஓட்டத்தையும் தொடங்கிற்று.

அக்காலத்திலே வானொலியோ தொலைக்காட்சியோ இல்லை. மலையுச்சியில் நிகழ்ந்ததை வாசகன் மறுநாட் காலையிற் பத்திரிகை வாயிலாகவே அறிந்தான். நிகழ்ச்சி எவ்வளவு கடினமோ அவ்வளவு விற்பனை. எனவே கடினம் தேடிச் செல்லப்பட்டது. 1910இல் பிரெனீஸ் மலைத்தொடரைப் போட்டியிற் சேர்க்கும் எண்ணத்தோடு பாதையைப் பார்த்துவர டெகிரான்ஜின் உதவியாளர் ஸ்தைனெஸ் அனுப்பப்பட்டார். தூர்மலேக் கணவாயில் அவர் பனியினுட் சிக்கி, இரவில் வழிதவறி, அரும்பாடுபட்டு மீட்கப்பட்டார். ஆயினும், பாதை நன்றாக இருக்கின்றது, கடக்கலாம் எனப் பாரிசுக்குத் தந்தி கொடுத்தார் என்பது இவ்விளையாட்டு வரலாற்றிற் பிரசித்தமான செய்தி. அவ்வாண்டு யூலை 21இல் லூஷோன் நகரிலிருந்து பயோன் வரை 326 கிலோமீற்றர் தூரம்; இடையே பெய்ரசூர்ட், அஸ்பன், தூர்மலே, ஒபிஸ்க் என்னும் நான்கு பெருங்கணவாய்கள். தூர்மலேயின் உயரம் 2,115 மீற்றர். ஒக்தாவ் லாப்பீஸ் என்ற வீரர் வழியில் அமைப்பாளரைக் கண்டு ‘கொலைகாரர்கள்’ என்று கூவினார். அந்நாட் கட்டத்தையும் அவ்வாண்டின் ஓட்டத்தையும் வென்றவர் அவரே. வென்றவனே இவ்வாறு கூறினான் என்பது சிந்தித்தற்குரியது.

இவ்விடத்தில் ஒரு சிறு செய்தி. கணவாயின் உச்சியை அடைந்த வீரர்கள், வழியோரத்தில் நின்றோரிடம் பத்திரிகைத் தாளொன்றை வாங்கி, மேற்சட்டையினுள்ளே மார்போடு சேர்த்து வைத்துக்கொள்வது நீண்டகால வழக்கமாயிற்று. காற்றைத் தடுக்க அதனைவிட மலிவான சாதனம் அவர்களுக்கு இருக்கவில்லை. அவர்களைக் குளிரில் ஓடவிட்டதும் பத்திரிகை. குளிரிலிருந்து மார்பைக் காத்ததும் பத்திரிகையே.

விதிகளின் கடுமை

டெகிரான்ஜ் வகுத்த விதிகள் வீரனை முற்றிலும் தனியனாக்கின. போட்டியிற் பிறருதவி கூடாது. 1913இல் தூர்மலே இறக்கத்திற் கிறிஸ்தோப்பின் முன்சில்லைத் தாங்கும் கவை முறிந்தது. சைக்கிளைச் சுமந்துகொண்டு பல கிலோமீற்றர் நடந்து, மலையடிவாரத்துக் கொல்லன் உலையிலே தாமே அதனைச் செப்பனிட்டார். ஆயினும், துருத்தியை ஊதி உதவியவன் ஒரு சிறுவன் என்ற காரணத்தால் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. கியர் மாற்றும் பொறி 1937 வரை ரூர் டி பிரான்சில் அநுமதிக்கப்படவில்லை. மலை வந்ததும் வீரன் இறங்கி, பின்சில்லைக் கழற்றி, மறுபுறமாகத் திருப்பிப் பூட்டவேண்டும். 1927இல் இத்தாலியின் குரோச்சே டவுனே கணவாயில், குளிரால் மரத்த விரல்களாற் சில்லின் திருகாணியைக் கழற்ற முடியாது வருந்திய துல்லியோ கம்பஞோலோ என்பவர், அவ்வனுபவத்தாலேயே சில்லை விரைவிற் கழற்றும் நெம்புகோலை ஆக்கினார் என்று கூறப்படுகின்றது. அக்கருவி பின்னர் உலகெங்கும் பரவிற்று.

உடை பற்றிய விதியே எல்லாவற்றிலும் விசித்திரமானது. புறப்படும்போது வீரன் எவற்றோடு புறப்பட்டானோ அவற்றோடே வந்து சேரவேண்டும். ஒரு மேற்சட்டையைக் களைந்தெறிவதும் குற்றமாகும். கட்டங்கள் 400 கிலோமீற்றருக்கு மேலும் நீண்டமையால், நள்ளிரவு கழிந்தவுடனேயே புறப்படவேண்டியிருந்தது. விடியற்குளிருக்கு இரண்டு சட்டை வேண்டும். நண்பகல் வெயிலில் ஒன்று போதும். விதியோ இரண்டையும் மாலைவரை சுமக்கச் சொல்லிற்று. 1924 யூன் மாதத்தில், ஷேர்பூர் – பிறெஸ்ற் கட்டத்தின்போது, முந்திய ஆண்டு வெற்றிவீரரான ஹென்றி பெலிசியே, அவர்தம் சகோதரர் பிரான்சிஸ், மோரிஸ் வில் ஆகிய மூவரும் குத்தான்ஸ் என்ற ஊரிலே போட்டியைக் கைவிட்டனர். அதிகாரி ஒருவர் புறப்படுமிடத்தில் வந்து, ஒரு வார்த்தையும் பேசாது, உள்ளே எத்தனை சட்டை உண்டெனத் தமது மேற்சட்டையைத் தூக்கிப் பார்த்தாரென ஹென்றி பெலிசியே முறையிட்டார்.

அவர்களை ஊரின் கோப்பிக்கடையிற் சந்தித்தவர் அல்பேர் லோந்தர் என்னும் பத்திரிகையாளர். அதற்கு முந்திய ஆண்டிலேதான் அவர் தென்னமெரிக்காவின் பிரெஞ்சுக் கயானாவிலிருந்த கைதிக் குடியேற்றத்தின் கொடுமைகளை எழுதிப் புகழ்பெற்றிருந்தார். அவரது கட்டுரைகளின் பின் ‘வீதியின் கைதிகள்’ என்னும் பெயர் சைக்கிளோட்ட வீரர்க்கு நிலைத்தது. தாம் உட்கொண்ட மருந்துகளையெல்லாம் மூவரும் அவருக்கு எடுத்துக் காட்டினர். சைக்கிளோட்டம் அறியாத லோந்தருக்குத் தாங்கள் சற்று மிகைப்படுத்திச் சொன்னதாகப் பிரான்சிஸ் பிற்காலத்திற் கூறினார். ஆதலால் அக்கட்டுரையின் ஒவ்வொரு சொல்லையும் சான்றாகக் கொள்ளலாகாது. ஆனால் மேற்சட்டை விதி மிகையன்று; அது அச்சிட்ட விதி. குத்தான்ஸ் மலையூருமன்று. எனினும் குளிருக்கு அஞ்சிச் சட்டை அணிவதையும் விதியாக்கிய மனப்பான்மையை அச்சம்பவம் தெளிவாகக் காட்டுகின்றது.

ஈராண்டுகளின் பின் அம்மனப்பான்மைக்கு மலையிலே சோதனை வந்தது. 1926 யூலை 6இல் பயோனிலிருந்து லூஷோனுக்கு, 1910இன் அதே நான்கு கணவாய்களை எதிர்த்திசையிற் கடக்கும் கட்டம். நள்ளிரவின் பின் புறப்பட்ட வீரர்களை மலையிற் குளிர்மழையும் சேறும் மூடுபனியும் எதிர்கொண்டன. வென்றவரான பெல்ஜியத்து லூசியன் பூய்ஸ் 326 கிலோமீற்றரைக் கடக்க 17 மணி 12 நிமிடம் எடுத்தார். இரவாகியும் பலர் வந்துசேரவில்லை. அமைப்பாளர் மோட்டார்வண்டிகளை அனுப்பி அவர்களைத் தேடினர். கால எல்லையையும் நீட்டினர். எவ்விதியையும் தளர்த்தாதவர்கள் அன்றிரவு ஒரு விதியைத் தளர்த்தினர் என்பது கருத்திற்குரியது. விதி இயற்கை நியதியன்று, வேண்டும்போது மாற்றத்தக்கதே என்பதை அவர்களே நிரூபித்துவிட்டனர்.

வீரகாவியங்களின் காலம்

இரண்டாம் உலக யுத்தத்தின் பின் பழைய விதிகள் பல மறைந்தன. உதவி வண்டிகள் வந்தன. ஆனால் குளிரைப் புகழும் எழுத்து மறையவில்லை. 1956 யூன் 8இல் ஜீரோ ஓட்டம் திரெந்தோ நகருக்கு மேலேயுள்ள மொன்தே பொந்தோனே மலையில் முடிவதாயிருந்தது. மழை பனியாயிற்று. முன்னணியில் நின்ற பஸ்குவாலே போர்னாரா உட்பட, தொடங்கியோரில் ஏறக்குறைய அரைவாசிப்பேர் அன்று விலகினர். கால்மணி நேரத்திற்கு மேற் பின்தங்கியிருந்த லக்சம்பேர்க் வீரர் சார்லி கோல் அக்கட்டத்தையும் ஈற்றில் முழு ஓட்டத்தையும் வென்றார். 1980 ஏப்பிரல் 20இல் பெல்ஜியத்தின் ஆர்டென் குன்றுகளில் நடைபெற்ற லியேஜ் – பஸ்தோஞ் – லியேஜ் ஓட்டத்தைப் பனிப்புயல் தாக்கியது. 174 பேரில் 21 பேரே முடித்தனர். 9 நிமிடத்திற்கு மேற்பட்ட இடைவெளியில் வென்ற பேர்னார்ட் ஈனோவின் இரு விரல்கள் நெடுங்காலம் உணர்ச்சி குன்றியிருந்தன.

இவ்விரண்டையும் ஒருசேர வைத்துப் பேசுவது வழக்கம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. லியேஜ் ஓட்டம் ஒருநாட் போட்டி. விலகிய 153 பேரும் இழந்தது ஒருநாளையே. ஜீரோவோ மூன்று வாரப் போட்டி. ஒருநாள் விலகுபவன் மூன்று வார உழைப்பையும் இழக்கின்றான். குளிரிலே தொடர்ந்து ஓட்டியவனை நோக்கி ‘அவன் தானாகவே விரும்பினான்’ என்று கூறுமுன், விலகினால் அவன் இழப்பது யாது என்றும் வினவுதல் வேண்டும். விருப்பம் என்பது சூழ்நிலையிலிருந்து பிரித்தெடுக்கக்கூடிய பொருளன்று.

காவியா, 1988

மேற்சட்டையின் முக்கியத்துவத்தை ஐயந்திரிபற நிறுவிய நாள் 1988 யூன் 5ஆந் திகதி. ஜீரோ ஓட்டம் அன்று 2,600 மீற்றருக்கு மேற்பட்ட காவியாக் கணவாயைக் கடந்து போர்மியோ நகரை அடையவேண்டும். மேலே பாதை தார் இடப்படாத மண்பாதை. பனி பெய்யுமென அறிந்தும் போட்டி நிறுத்தப்படவில்லை. செவன் இலெவன் என்ற அமெரிக்கக் குழுவினர் பனிச்சறுக்குப் பொருள் விற்கும் கடைகளிற் கையுறை, கம்பளித் தொப்பி முதலியவற்றை வாங்கி, தம் வீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பையாகக் கட்டி, உச்சிக்கு அண்மையிற் காத்துநின்று கொடுத்தனர். வெந்நீர்ப் போத்தல்களிற் சூடான தேநீரும் கொடுத்தனர். உச்சியை முதலில் அடைந்தவர் ஒல்லாந்து வீரர் யோஹான் வன்டர் வெல்டே. அவர் வெறுங்கைகளோடு ஏறியிருந்தார். இறக்கத்திற் குளிர் தாங்காது ஒதுங்கிய அவர், வென்றவருக்கு முக்கால் மணிநேரத்திற்கும் பிந்தியே போர்மியோவை அடைந்தார். அவர் நாட்டவரான எரிக் பிரேகிங்க் கட்டத்தை வென்றார். ஏழு விநாடி பின்னே வந்த அன்டி ஹம்ப்ஸ்ரன் என்னும் அமெரிக்கர், முதல்வனுக்குரிய இளஞ்சிவப்புச் சட்டையைப் பெற்று, அவ்வோட்டத்தை வென்ற முதல் அமெரிக்கரானார்.

உச்சியை முதலில் அடைந்தவரையும் ஓட்டத்தை வென்றவரையும் பிரித்தது வலிமை மட்டுமன்று; ஒரு துணிப்பையும் ஆகும். அதனாற் ஹம்ப்ஸ்ரனின் பெருமை குறையாது. ஆனால், கடைக்குச் சென்று பை கட்டிய குழுப் பணியாளரும், பையே கிடையாத ஏனைய குழுவினரும் வீரகாவியத்தில் இடம்பெறாமற் போவது வரலாற்றுக்கு ஒரு குறையாகும்.

நிறுத்தும் உரிமை

காவியாவின் அநுபவம் வீண்போகவில்லை. அடுத்த ஆண்டு, 1989இல், அதே கணவாயைக் கடக்கவேண்டிய கட்டம் காலநிலை காரணமாகக் கைவிடப்பட்டது. 2013 மே மாதத்திலும் காவியா, ஸ்ரெல்வியோ ஆகிய கணவாய்களைக் கொண்ட கட்டம் பனியால் முற்றாக நீக்கப்பட்டது. 2016 முதல் சர்வதேச சைக்கிளோட்டச் சங்கம் கடுங்காலநிலை பற்றிய நடைமுறையொன்றை அமுலாக்கியது. உறைமழை, வீதியிற் பனித்தேக்கம், கடுங்காற்று, மிகு குளிர் அல்லது வெப்பம் முதலியன எதிர்பார்க்கப்படின், அமைப்பாளரும் வைத்தியரும் குழுக்களின் பிரதிநிதியும் வீரர்களின் பிரதிநிதியும் கூடி ஆலோசிக்கவேண்டும். 1924இல் அதிகாரி பேசாமலே சட்டையைத் தூக்கிப் பார்த்தார். 2016இல் அதிகாரி வீரனின் பிரதிநிதியோடு பேசவேண்டியவரானார். இடைப்பட்ட தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளின் வளர்ச்சி இதுவேயாம்.

இவ்வளர்ச்சி பூரணமானதெனக் கொள்ளுதல் தவறு. 2020 ஒக்ரோபர் 23இல், முந்திய நாள் ஸ்ரெல்வியோவைக் கடந்து களைத்த ஜீரோ வீரர்கள், மழையில் ஏறக்குறைய 250 கிலோமீற்றர் ஓட மறுத்தனர். கட்டம் பாதியாகக் குறைக்கப்பட்டது. அமைப்பாளர் தம் சினத்தை வெளிப்படையாகக் காட்டினார். வீரர்கள் மென்மையடைந்துவிட்டனர் என்று எழுதியோரும் உளர்.

இவ்வாறு எழுதுவோரின் வாதத்தையும் நாம் கேட்கவேண்டும். இடர் நீங்கினால் மலையோட்டத்தின் சுவையும் நீங்கும் என்பது அவர்கள் கட்சி. இதில் ஓரளவு உண்மையுண்டு. மலையையும் மழையையும் நீக்கிவிட்டால் இவ்விளையாட்டு வேறொன்றாகிவிடும். கிறிஸ்தோப்பையும் ஈனோவையும் நாம் நினைவுகூர்வது அவர்கள் அஞ்சாது சென்றமையாலேயாம். ஆனால் இடரை ஏற்றுக்கொள்பவன் வேறு, இடரை விதிப்பவன் வேறு. முன்னவன் மலைமேல் நனைகின்றான். பின்னவன் மூடிய வண்டியில் இருக்கின்றான், அல்லது மறுநாள் வீட்டிலிருந்து வாசிக்கின்றான். இடரின் அளவைத் தீர்மானிக்கும் உரிமை நனையாதவனிடம் மட்டும் இருந்தமையே பழைய முறையின் குறை. அவ்வுரிமையில் நனைபவனுக்கும் ஒரு பங்கு கிடைத்தமை மென்மையன்று, நீதியாகும்.

2013 மார்ச் 17இல், மிலான் – சான் றேமோ ஓட்டத்தன்று, தூர்க்கீனோக் கணவாயிற் பனி வீழ்ந்தது. ஓவாடா என்னும் ஊரில் ஓட்டம் நிறுத்தப்பட்டது. வீரர்களின் சட்டைகளிற் பனிக்கட்டி ஒட்டியிருந்தது. அவர்கள் பஸ்வண்டிகளில் ஏறி, உடைமாற்றி, கணவாயைக் கடந்து கடற்கரையை அடைந்து, அங்கிருந்து ஓட்டத்தைத் தொடர்ந்தனர். 103 ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்தோப் விடுதியொன்றிற் கம்பளியாற் போர்க்கப்பட்டதும் அதே ஓட்டத்திற்றான். அன்று ஒருவருக்கு வழிப்போக்கரின் இரக்கத்தாற் கிடைத்த உலர்ந்த உடை, இன்று எல்லோருக்கும் முறைப்படி கிடைத்தது. பஸ்ஸில் ஏறியவர்களைப் பற்றி யாரும் காவியம் பாடப்போவதில்லை. எனினும், அவர்களுள் ஒருவரும் கிறிஸ்தோப்பைப்போல வென்றபின் ஒரு மாதம் வைத்தியசாலையிற் கிடக்கவேண்டியிருக்கவில்லை என்பதையும் வரலாறு எழுதுவோர் ஒரு வரியிலேனும் குறித்தல் வேண்டும்.